அப்படியே நில்லு... அசையாதே!

காரைக்காலுக்குப் போகிறேன் என்று சொன்னால், சென்னையில் மூன்று ரக ஆசாமிகள் மூன்று விதமாகப் பார்ப்பார்கள்.

முதல் ரகம் பக்திமான்கள். "என்ன ஸார், ஏழரையா? அஷ்டமமா?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்பார்கள். இரண்டாவது ரகம் என் பழைய ஆபீஸ் நண்பர்கள். வாயே திறக்க மாட்டார்கள். ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு, நாலாக மடித்த லிஸ்ட் ஒன்றை என் சட்டைப் பையில் செருகுவார்கள். மூன்றாவது ரகம்தான் தாங்க முடியாது. "அடடே, 'நாதஸ்வரம்' சீரியல் எடுத்த ஊராச்சே! அப்படியே ரெண்டு கிலோ செட்டிநாட்டு முறுக்கு..." என்பார்கள். ஐயா, அது காரைக்குடி! இரண்டுக்கும் நடுவே மூன்று ஜில்லா இருக்கிறது!

நான் போனது இது எதற்காகவும் இல்லை. ஓர் இரும்புக் கம்பத்துக்காக.

பெரியப்பா போன் செய்திருந்தார். "டேய், மாடியில இருக்கிற ஆன்டெனா கம்பத்தைக் கழட்டப் போறேன். அது அடியில தண்ணி இறங்கி பூஜை ரூம் ஒழுகுது. ஞாயித்துக்கிழமை பழைய இரும்புக் கடைக்காரன் வர்றான். உங்கப்பன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு."

சொன்னேன். அப்பா அப்போது கண்ணாடி முன்னால் ஷேவிங்கில் இருந்தார். "கழட்டட்டும். ஒழுகுதுல்ல?" என்றார். அவ்வளவுதான். மறுபடி பிரஷ்ஷை எடுத்து, வழக்கமான அந்த ட்யூனை முனக ஆரம்பித்துவிட்டார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஷேவிங் என்றால் அந்த ட்யூன்தான். "எந்தப் படத்துப் பாட்டுப்பா?" என்று கேட்டால், "சும்மா வருதுடா" என்பார். அப்பாவுக்கும் சுருதிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதனால் எனக்கும் அது என்னவென்று பிடிபட்டதில்லை.

இத்தனைக்கும் நான் இந்த விஷயத்தில் சாதாரண ஆள் இல்லை. பி.காம். படித்துவிட்டு, கணக்கு எழுத வேண்டிய கையால் டி.வி.யையும் சினிமாவையும் பற்றிக் கட்டுரை எழுதிப் பிழைப்பவன். நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் என் 'டாப் டென்' லிஸ்ட்டை ஒப்பிப்பேன். (என் மனைவி ஒருமுறை எழுப்பினாள். குறட்டை விடுகிறேன் என்று.)

கம்பம் போவதற்குள் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். "அப்படியே திருநள்ளாறு போய் எள் தீபம் போட்டுட்டு வந்துடுங்க" என்று மனைவி இலவச இணைப்பாக ஒரு வேலையையும் சேர்த்துவிட்டாள்.

* * *

ஈ.சி.ஆர். வழியாக பஸ். சீர்காழி, தரங்கம்பாடி தாண்டி நண்டலாறு பாலத்தைக் கடந்தால் மாநிலம் மாறிவிடும். பாஸ்போர்ட் எல்லாம் கேட்க மாட்டார்கள். போர்டுகள்தான் மாறும். அதுவரை 'உரம் - பூச்சி மருந்து' என்றிருந்த சாலையோரம், திடீரென்று வேறு வகை மருந்துக் கடைகளால் களை கட்டும். வண்டிகளின் நம்பர் 'பி.ஒய். 02' ஆகிவிடும். போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி ஏறிவிடும்.

காரைக்கால் ஒரு தமாஷான ஊர். 1739-இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவுக்கு மாறியது. சட்டப்படி சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் நாலு துண்டுகளில் இது ஒரு துண்டு. தலைநகரமோ நூற்று முப்பது கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. சொந்தத் தலைநகருக்குப் போக வேண்டும் என்றால் அடுத்த மாநிலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பக்கத்து வீட்டுக் கொல்லை வழியாகத் தன் வீட்டுச் சமையலறைக்குப் போவது மாதிரி!

டி.வி. விஷயத்திலும் அதே கதைதான் என்பது பெரியப்பா வீட்டு மாடிக்குப் போனபோது புரிந்தது.

நாற்பதடி உயரம். ஜி.ஐ. பைப். நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பி. உச்சியில் மீன் முள் மாதிரி அலுமினியக் குச்சிகள். பாதிக்கு மேல் கழன்று போய்விட்டன. மிச்சத்தில் ஒரு காக்கை உட்கார்ந்து, வாடகை கொடுக்காத குடித்தனக்காரர் தோரணையில் என்னைப் பார்த்தது. 2018-இல் கஜா புயலுக்கே சாயாத கம்பம். கமர்ஸ் பாஷையில் சொன்னால், தேய்மானம் எல்லாம் கழித்துப் புத்தக மதிப்பு ஒரு ரூபாய். இரும்புக் கடைக்காரர் ஆயிரத்துச் சொச்சம் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த வகையில் லாபம்!

"1984-ல நட்டது. நானும் உங்கப்பனும் சேர்ந்து" என்றார் பெரியப்பா. "சாலிடேர் டி.வி. ஷட்டர் வெச்சது. எங்க தெருவுக்கே அது ஒண்ணுதான்."

"சென்னை டி.வி. இங்க எடுத்துச்சா பெரியப்பா?"

"மெட்ராஸா? அது முந்நூறு கிலோமீட்டருக்கு அந்தாண்ட இருக்கு. கடல்ல நேரா போனா யாழ்ப்பாணம் அதுல பாதி தூரம்கூட இல்ல. எது எடுக்கும்? நீயே சொல்லு!"

விஷயம் இதுதான். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் பிறந்தாலும், டெல்டாவுக்குப் படம் தெளிவாக வந்து சேர ரொம்ப வருஷம் பிடித்தது. 1984 வாக்கில்தான் தூர்தர்ஷன்காரர்கள் நாடெங்கும் சின்னச் சின்ன ஒளிபரப்பு நிலையங்களாக நட ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பே, 1982-இல், கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையின் ரூபவாகினி ஆரம்பித்துவிட்டது. டி.வி. அலைக்கு மலையோ கட்டடமோ குறுக்கே நின்றால் ஆகாது. நடுவே கடல் என்றால் கொண்டாட்டம். அதுவும் காற்றில்லாத கோடை ராத்திரியில், தண்ணீர்மேல் படிந்திருக்கிற காற்று அடுக்குகளுக்கு இடையே அலை வழுக்கிக்கொண்டே வெகுதூரம் வந்துவிடும். படம் கண்ணாடி! நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்களே... ரூபவாகினி அதற்கு நாற்பது வருஷம் முன்பே டிக்கெட் எடுக்காமல் தினமும் வந்து போய்க்கொண்டிருந்தது.

பைப்பின் அடியில் இரண்டு பெயின்ட் கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு.

"பச்சைக்கு நேரா திருப்பினா இந்தியா. சிவப்புக்குத் திருப்பினா சிலோன்" என்றார் பெரியப்பா, ஏதோ ராணுவ ரகசியம் சொல்வது போல.

* * *

ராத்திரி மொட்டை மாடியில் ஈஸிசேர் போட்டு உட்கார்ந்தோம். எங்கள் பரம்பரைச் சண்டை ஆரம்பமானது. எது நல்ல சீரியல், எது நல்ல படம்?

நான் முதல் சீட்டை இறக்கினேன். "1997-ல வந்த 'மர்மதேசம்', விடாது கருப்பு. நாகா டைரக்‌ஷன், இந்திரா சௌந்தர்ராஜன் கதை. அதுக்கு மேல இன்னிக்கு வரைக்கும் தமிழ் டி.வி.யில ஒண்ணு வரலை பெரியப்பா." ராத்திரி அந்தக் குதிரைக் குளம்படிச் சத்தம் கேட்டால், பின்கட்டு பாத்ரூமுக்குப் போக எனக்கு இரண்டு பேர் துணை வேண்டும். அந்த இரண்டு பேருக்குத் துணையாக இன்னும் இரண்டு பேர்!

"பயந்தது எதுக்கு? குதிரையைப் பார்த்தா, சத்தத்தைக் கேட்டா?" என்றார் பெரியப்பா.

யோசித்தேன். சத்தத்துக்குத்தான். குதிரை வருகிறபோதெல்லாம் நான் போர்வைக்குள் இருந்தேன்.

"சரி, 'மெட்டி ஒலி'?" என்றேன். 2002-இல் திருமுருகன் இயக்கி, அஞ்சு பெண்களைப் பெற்ற அப்பாவை வைத்து நாட்டையே அழ வைத்த தொடர். அந்த நேரத்தில் தெருவில் நடந்தால், முதல் வீட்டில் ஆரம்பித்த வசனம் ஆறாவது வீட்டில் முடியும். ஒரு வார்த்தை விட்டுப் போகாது. வேலை முடிந்து லேட்டாக வீடு திரும்புகிறவர்கள்கூடக் கதையோடு வந்து சேர்ந்தார்கள்.

"அதுவும் காதாலதான்" என்றார் பெரியப்பா.

கடைசி அஸ்திரமாக 'அன்பே சிவம்' எடுத்தேன். 2003 பொங்கலுக்கு வந்து தியேட்டரில் படுத்த படம். அப்புறம் டி.வி.யில் போட்டுப் போட்டு, இன்றைக்கு அதைப் பிடிக்காது என்று சொன்னால் நண்பர்கள் கூட்டத்தில் டீ கிடைக்காது. வாராக்கடன் என்று எழுதித் தள்ளிய தொகை வட்டியோடு திரும்பி வந்த ஒரே கேஸ், தமிழ் சினிமாவில் அதுதான் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். மூலதனம் போட்டவருக்கு அந்த வட்டி கிடைத்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

பெரியப்பா சிரித்தார். "உங்க காலத்துல எல்லாம் தானா வந்துச்சு. சன் டி.வி. 1993 தமிழ் வருஷப் பிறப்புக்கு வந்தப்பறம் நீங்க பட்டனை அமுக்கினீங்க, படம் வந்துச்சு. வர்ற படத்தைப் பார்க்கறது ஒரு பெரிய காரியமா? நாங்க வராத படத்தைப் பார்த்தவங்கடா!"

அவருடைய லிஸ்ட் என் லிஸ்ட்டைவிட வினோதமானது. ஜப்பான்காரர்கள் எடுத்த 'ஓஷின்' தொடரை ரூபவாகினியில் சிங்களத்தில் பார்த்தாராம். ஏழை வீட்டுச் சிறுமியை வேலைக்கு அனுப்புகிற கதை. "ஒரு வார்த்தை புரியாது. தெருவே அழுவும். அழுகைக்கு என்னடா பாஷை?"

இலங்கை வானொலி என்றால் இன்னும் உருகிவிடுகிறார். பி.எச். அப்துல் ஹமீது சன் டி.வி.யில் 'பாட்டுக்குப் பாட்டு' நடத்த வந்த அன்றைக்கு, சமையலறையில் இருந்த பெரியம்மா முகத்தைப் பார்க்காமலே, "ஏங்க, நம்ம சிலோன் ரேடியோகாரர் வந்திருக்காரு" என்றாராம்.

மறுநாள் காலை திருநள்ளாறு. நளதீர்த்தம், எள் தீபம், க்யூ. திரும்புகிற வழியில் காரைக்கால் அம்மையார் கோயில். அறுபத்து மூன்று நாயன்மார்களில் மூன்றே பெண்கள், அவர்களில் ஒருவர் இந்த ஊர்க்காரர். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். ஜனங்கள் பந்து பிடிப்பதுபோலப் பிடிப்பார்கள்.

"ஏ.பி. நாகராஜன் 1973-ல அம்மையார் கதையைப் படமா எடுத்தாரே, கே.பி. சுந்தராம்பாள் நடிச்சு. அது உங்க லிஸ்ட்ல இருக்கா பெரியப்பா?"

"அது படமா? அது குரல்டா! மைக் இல்லாத நாடகத்துல கடைசி பெஞ்ச் வரைக்கும் போன குரல். கண்ணை மூடிக்கிட்டே பார்க்கலாம்."

'கண்ணை மூடிக்கிட்டே பார்க்கலாம்!' டி.வி. விமர்சகன் என்று சொல்லிக்கொள்கிற எனக்கு இந்த ஒரு வரி இத்தனை வருஷமாக எழுதத் தோன்றவில்லை. நினைத்துப் பார்த்தால், அந்தக் காலத்து டெல்டா சினிமாவைப் பாதி காதால்தான் பார்த்திருக்கிறது. ரேடியோவில் ஒலிச்சித்திரம். கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில் 'திருவிளையாடல்' வசனம். 1984-இல் 'விதி' படத்தின் கோர்ட் சீன் கேசட் ஓடாத டீக்கடை உண்டா? படத்தைப் பார்க்காதவனுக்கும் தீர்ப்பு தெரியும்!

* * *

ஞாயிற்றுக்கிழமை காலை இரும்புக் கடைக்காரர் இரண்டு ஆட்களோடு வந்தார். ஒருவர் சுவர்மேல் ஏறினார். கம்பிகளை அவிழ்த்தார்கள். "மெதுவா... மெதுவா..." என்று எல்லாரும் கத்த, பைப்பை அசைத்ததும் அது கிர்ரென்று தன்னால் ஒரு சுற்றுச் சுற்றியது.

"என்ன பெரியப்பா, இறுக்கவே இல்லியா?"

"எப்படிறா இறுக்கறது? ரெண்டு நாட்டுக்கும் திருப்பணுமே! அதனால லூஸாவே விட்டுட்டோம். ஆனா கடல் காத்து அடிச்சா தானா திரும்பிடும். படம் போயிடும். யாராவது பிடிச்சுக்கிட்டு நிக்கணும்."

"யாரு நிப்பாங்க?"

பெரியப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வேற யாரு? சின்னவன்தான். உங்கப்பன்."

வீட்டு நடுவே முற்றம். முற்றத்தைச் சுற்றி முப்பது, நாற்பது பேர். மாடியில் அப்பா பைப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார். மேலிருந்து "வருதா?" என்பார். கீழேயிருந்து "வரலை... வரலை... கொஞ்சம் லெஃப்ட்டு... ஆங், வந்துருச்சு! அப்படியே நில்லு! அசையாதே!" என்று கோரஸ். அவ்வளவுதான். அப்புறம் அரை மணியோ, ஒரு மணியோ, அப்பாவுக்கு அசைய அனுமதி இல்லை. 1984-லிருந்து 1988-இல் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போகிற வரை நாலு வருஷம் இந்த உத்தியோகம்.

"பாவம், முற்றம் வழியா சத்தம் மட்டும் மேல போவும். அதுலயும் அந்தப் பையன் கதை ஒண்ணு வந்துச்சே, ஹிந்தியில... 'மால்குடி டேஸ்'. அது வந்தா உங்கப்பன் கூப்பிடாமலே மாடிக்குப் போயிடுவான். அந்த ஆரம்ப மியூஸிக் அவனுக்கு உசிரு." என்று சொன்ன பெரியப்பா, அந்த ட்யூனை முனகிக் காட்டினார்.

பெரியப்பாவுக்கு நல்ல சுருதி.

எனக்குக் கை கால் ஓடவில்லை. அப்பாவின் ஷேவிங் ட்யூன்!

'மால்குடி டேஸ்' 1986, 87-இல் தூர்தர்ஷனில் வந்தது. எழுதியது நம் ஆர்.கே. நாராயண், இங்கிலீஷில். எடுத்தது கன்னடத்து சங்கர் நாக், கர்நாடகத்து ஆகும்பேயில். நாங்கள் கேட்டது ஹிந்தியில். போதாததற்கு, ரூபவாகினி அதைச் சிங்களத்திலும் மொழிமாற்றி ஓட்டியது. இசை எல். வைத்தியநாதன். அப்பாவுக்கு ஹிந்தியும் தெரியாது. பாஷையும் இல்லை, படமும் இல்லை. ட்யூன் மட்டும் மிச்சம்.

பத்து வருஷமாக எந்தத் தொடர் ஒசத்தி என்று ஊருக்கெல்லாம் மார்க் போட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டிலேயே ஒருத்தர் நாற்பது பேருக்குப் படம் காட்டிவிட்டுத் தான் பார்க்காமல் நின்றது எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. பற்று எழுதினால் எதிரே வரவு எழுத வேண்டும் என்று மூன்று வருஷம் படித்தேனே, என்ன பிரயோஜனம்?

கம்பம் துண்டு துண்டாக வண்டி ஏறியது. நான் ஓர் அலுமினியக் குச்சியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

* * *

திரும்பும்போது எல்லையில் தமிழ்நாட்டு போலீஸ் செக்கிங். ஐம்பது வயசுக்கு மேலிருக்கும் கான்ஸ்டபிள் ஒருவர் என் சட்டைப் பையிலிருந்து அந்த நாலாக மடித்த லிஸ்ட்டை எடுத்துப் பிரித்தார். முகம் மலர்ந்தது.

"எங்கே சரக்கு?"

"வாங்கலை ஸார். லிஸ்ட் மட்டும்தான்."

அவர் சர்வீஸில் இப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை போலும். பையைக் கவிழ்த்தார். துண்டு, திருநள்ளாறு விபூதி, மூன்றடிக் குச்சி. "இது என்ன?"

"ஆன்டெனா ஸார். பழசு. சிலோன் டி.வி. பார்த்தது."

குச்சியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரன் அடித்தார். கான்ஸ்டபிள் காதில் வாங்கவே இல்லை.

"எங்க வீட்லயும் இருந்துச்சு. தரங்கம்பாடி. நான்தான் மேல நிப்பேன்" என்றார். அப்புறம் குச்சியைத் துண்டில் சுற்றி அவரே பையில் வைத்தார். "மழை வந்தாகூட எறங்க விடமாட்டானுங்க. போங்க தம்பி."

வீட்டுக்கு வந்ததும் மனைவி விபூதியை எடுத்துக்கொண்டாள். குச்சியைப் பார்த்து, "கர்ட்டன் மாட்ட ஆவும்" என்றாள்.

அப்பாவிடம் கேட்டேன். "மால்குடி டேஸ் பார்த்திருக்கீங்களாப்பா?"

"கேட்டிருக்கேன்" என்றார்.

நாற்பத்து மூணு இஞ்ச் டி.வி.யில் போட்டேன். நெட்டில் கிடைக்கிறது. ட்யூன் ஆரம்பித்ததும் கூடவே முனகினார், வழக்கம் போலச் சுருதி இல்லாமல். ஆர்.கே. லக்ஷ்மணின் கோட்டோவியங்கள் வந்து போயின. சுவாமி என்கிற பையன் பள்ளிக்கூடம் போகச் சிணுங்கினான். அப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். மனைவி ஏதோ கேட்க உள்ளேயிருந்து வந்து டி.வி.க்குக் குறுக்கே நின்றாள். நான் கையைக் காட்டி நகரச் சொன்னேன்.

எபிசோட் முடிகிற வரை அப்பா பேசவில்லை. முடிந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவ்வளவு சின்னப் பையனாடா இவன்? குரலைக் கேட்டுக் கொஞ்சம் பெரியவன்னு இல்ல நெனைச்சிருந்தேன்!" என்றார். "சரி, அடுத்ததைப் போடு."